மிக்கேலம்மா சத்தம்

இங்க உக்காரும்மா, இந்த சீட்டுக்கு ஆளு இல்ல. பைய மேல வைக்காத, மடியிலயே வச்சுக்கோ. இந்த டிரைவர் பிரேக் போடுற போடுல எட்டயபுரம் போறதுக்குள்ள தலையில வந்து விழும். நர்சிங்தான படிக்க? உடுப்பப் பாத்தாலே தெரியுதே. எத்தனாவது வருசம், மூணாவதா? உண்டியலத் திருப்பு, என்ன எழுதிருக்குன்னு பாப்போம். கேன்சர் ஆதரவு இல்லமா. ம். இரு, பர்ச எடுக்கேன். இந்தா, போட்டாச்சு. இதுக்கெல்லாம் எந்திரிச்சுக் கும்பிட வேண்டாம், உக்காரு.

நானும் நர்சுதான். மதுரையில, ஐசியு. ஸ்டார்லின்னு பேரு. எங்க ஊரு தூத்துக்குடிதான், ஆனா வரத்து கம்மி. ஏதாவது நல்லது பொல்லதுக்கு வந்தா காலையில வந்துட்டு சாயந்தரம் பஸ் ஏறிருவேன்.

ஒண்ணு கேக்கேன். நீங்க ஆட்டோவுல மைக் கட்டி விளம்பரம் பண்ணுதீங்களா? இல்லையா? எல்லாம் போன்லயே போட்டுருவீங்களோ. நல்லது. ரொம்ப நல்லது.

இல்ல, நாங்க பண்ணுனோம். அதான் கேட்டேன். மூணாம் வருசத்துல, உன்ன மாதிரி இதே உடுப்புல. உள்ளூர்ல இன்னும் சில பேரு அதப் பத்தி ஒரு மாதிரி பேசுவாங்க, நீ யார் வாயிலயாவது கேட்டிருப்ப. கேக்கலையா? அப்ப நானே சொல்லிருதேன், என் வாயாலயே கேட்டுக்கோ. எம்மேல தப்பு இல்ல, முதல்லயே சொல்லிட்டேன்.

அப்ப எங்க ஊர்ல 'கைத்தாங்கல்'னு ஒரு வீடு உண்டு. ரிட்டயர் ஆன ஒரு டீச்சரம்மா நடத்துனாவ. ஆஸ்பத்திரியில கரண்டு வைக்க, அதான் ரேடியேசனுக்கு, வெளியூர்லருந்து வர்ற கேன்சர் ஆளுங்க தங்குறதுக்கும் சாப்பிடுறதுக்கும். ஆனா வண்டி கிடையாது. ஓட்டப்பிடாரம் பக்கம், விளாத்திகுளம் பக்கம் உள்ளவங்கல்லாம் டவுன் பஸ்ல நின்னுக்கிட்டே வருவாங்க. கழுத்துல, நெஞ்சுல டாக்டர் கோடு போட்டு விட்டிருப்பாரு, வேர்வையில அழிஞ்சிரக் கூடாதுன்னு துணிய விலக்கிப் பிடிச்சுக்கிட்டே நிப்பாங்க. பாத்தா மனசு தாங்காது. ஒரு வேன் வாங்கிக் குடுக்கணும்னு எங்க கிளாஸ் பிள்ளைய எல்லாம் சேந்து முடிவு பண்ணுனோம். காலேஜ் மைதானத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுத் திருவிழா. நாங்களே சமைக்கணும், நாங்களே விக்கணும். நான்தான் மாணவிச் செயலாளர். எந்த விழான்னாலும் மைக்கப் பிடிக்கிறது நான்தான். அதுல எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லன்னு சொல்லல.

மைக் செட்டு கொம்பையா அண்ணனோடது. ஆட்டோவும் அவரோடதே. என் குரல்ல பதிஞ்சு போட்டுப் பாத்தோம். அவரு தலையச் சொரிஞ்சுக்கிட்டு, "ஏம்மா, செய்தி வாசிக்கிற மாதிரில்லா இருக்கு. இதக் கேட்டு எவ திரும்பிப் பாப்பா?"ன்னுட்டாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. ஆனா அவரு சொன்னதுலதான் எனக்கு அந்த யோசனையே வந்துச்சு.

மிக்கேலம்மான்னு ஒரு பேசண்டு. எங்க சர்ஜரி வார்டுல சன்னலோரப் பெட்டு. திரேஸ்புரத்து ஆளு. தலையில அலுமினியச் சட்டி வச்சுக்கிட்டு போல்பேட்டை, டூவிபுரம், மில்லர்புரம்னு மீன் வித்துட்டு வருவாவ. அவுக மூஞ்சி பாதிப் பேருக்குத் தெரியாது. சத்தம் தெரியாத ஆளு கிடையாது. "மீனேய்ய்"னு ஒரு இழுப்பு. அந்தத் தெரு முக்குல கேட்டா இந்தத் தெருவுல பூனையெல்லாம் எந்திரிச்சு வந்துரும். நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது எங்கம்மா மணி பாக்குறதே அந்தச் சத்தத்த வச்சுதான். மிக்கேலம்மா வந்துட்டா, இன்னும் தல வாராம நிக்கியேன்னு முதுகுல ஒண்ணு போடுவாங்க.

அவுகளுக்குச் சோறு இறங்கலன்னு வந்து காட்டிருக்காவ. பாத்தா குரல்வளைக்குப் பின்னால, உணவுக்குழாய் தொடங்குற எடத்துல கட்டி. அதனால சத்தத்துக்கு அப்ப ஒண்ணும் ஆகல, கணீர்னுதான் இருந்துச்சு. ஆனா கட்டிய எடுத்தா குரல்வளையையும் சேத்துத்தான் எடுக்கணும். கழுத்துல ஓட்டை போட்டு அது வழியா மூச்சு. உனக்குத் தெரியும், பாடத்துல வந்திருக்கும்.

நானும் எப்சிபாவும் போய்க் கேட்டோம். எப்சிபா என் ரூம்மேட்டு. அப்ப என் உயிருன்னு வச்சுக்கோ. இந்த மாதிரி, சாப்பாட்டுத் திருவிழா வைக்கோம், உங்க குரல்ல நாலு வார்த்தை பேசிக் குடுங்க, ஆட்டோவுல போடணும்னு கேட்டேன்.

"ஏ பிள்ள, நான் மீனு வித்திருக்கேன். சத்தத்த வித்ததில்ல. போ"ன்னுட்டாவ.

சரின்னு திரும்பிட்டோம். வாசல் வரைக்கும் வந்திருப்போம், "ஏ நர்சு பிள்ள"ன்னு ஒரு கூப்பாடு. வார்டே திரும்பிப் பாத்துச்சு. கிட்டப் போனா, குரலத் தாழ்த்திக் கேக்காவ. "அறுத்த பொறவு பேச்சே வராதுன்னு டாக்டரு சொல்லுதாரே. நெசமா?"

நான் என்ன சொல்ல? மெசினு வச்சுப் பேசலாம்க்கா, பழகிக்கிட்டா பேசலாம்னு சொன்னேன். எப்சிபா அவுக காலத் தடவிக் குடுத்துக்கிட்டே நின்னா. கொஞ்ச நேரம் எங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்தாவ. பொறவு எந்திரிச்சு உக்காந்து முடிய அள்ளிக் கொண்டை போட்டாவ. "பிடிச்சு வையி"ன்னாவ.

துணி மாத்துற ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போயி கதவச் சாத்தி என் போன்லதான் பதிஞ்சேன். நான் எழுதிக் குடுத்தத அவுக வாசிக்கல, வாசிக்கவும் தெரியாது. அவுகளாப் பேசுனாவ. முதல்ல அந்த மீன் கூப்பாடு. அந்தச் சின்ன ரூம்ல எனக்குக் காது அடைச்சுப் போச்சு. பொறவு, "ஏ தாயிமாரே, மிக்கேலம்மா பேசுதேன். இன்னைக்கு மீன் கொண்டாரல. ஞாயித்துக்கிழம நர்சு பிள்ளைய சாப்பாட்டுக் கடை போடுதாளுவ. பிள்ள குட்டியோட போயிச் சாப்பிடுங்க. அந்தக் காசு என்னைய மாதிரி சீக்காளியளுக்கு வண்டி வாங்கப் போவுது. நடக்க மாட்டாம கெடக்காவ தாயி, வாங்க." அவ்வளவுதான். நாங்க யோசிச்சு உக்காந்து எழுதுனதெல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்காது.

முடிச்சுட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாவ. "தெருவுல போடுததுக்கு முன்ன எனக்கு ஒருக்கா போட்டுக் காட்டணும். நான் கேட்டுட்டு சரின்னு சொன்னாத்தான் போடணும். அறுத்த பொறவு காட்டு. இப்ப வேண்டாம்."

சரிக்கான்னு சொன்னேன்.

இப்ப இதத்தான் எல்லாரும் பெருசாப் பேசுதாங்க. ஏன் கேக்கலன்னு. நீயே சொல்லு. ஆபரேசன் முடிஞ்சு ஐசியுல இருந்தாவ, அங்க நான் எப்படிப் போவ? வார்டுக்கு வந்த பொறவும் மூக்குல ஒரு குழாயி, கழுத்துல ஒரு ஓட்டை. திருவிழாவுக்கு நாள் நெருங்கிட்டு. கொம்பையா அண்ணன் ஆட்டோவக் கட்டி வச்சுக்கிட்டு என்னைக்கும்மா, என்னைக்கும்மான்னு கேக்காரு. சரின்னு வாயத் தொறந்து சொன்னாத்தான் போடணும்னா, அவுக எப்படிச் சொல்ல முடியும்? பேச்சு வராத ஆளுகிட்டப் போயி பேசுங்கன்னு நிக்கிறதா? அது பாவம் இல்லையா? வேண்டாம்னா அன்னைக்கே வேண்டாம்னு சொல்லிருப்பாவ. அவுகளே கொண்டை போட்டுக்கிட்டு வந்து பேசுனதுதான. நான் கட்டாயப்படுத்தல.

ஆட்டோவ எறக்கிட்டோம். முத நாளே ஊரு ஒரு மாதிரி ஆயிட்டு. நான் பின் சீட்டுல உண்டியலோட உக்காந்திருக்கேன். போல்பேட்டைக்குள்ள நொழையுதோம், "மீனேய்ய்"னு சத்தம் போவுது. வீட்டுக்கு வீடு கதவு தொறக்கு. பொம்பளையாளுங்க சட்டியோட வெளிய வந்து நிக்காங்க! மீனு வாங்க. ஆட்டோவப் பாத்துட்டு முழிக்காங்க. ஒரு அம்மா அங்குட்டும் இங்குட்டும் பாத்துட்டு, "ஏ, மிக்கேலம்மா எங்கட்டி?"ன்னு என்னையே கேக்காவ. எனக்குச் சிரிப்பு தாங்கல. பொறவு முழுசாக் கேட்டுட்டு அந்த அம்மா முந்தானைய வாயில வச்சுக்கிட்டாவ. சட்டிய இடுப்புல வச்சுக்கிட்டே வந்து உண்டியல்ல போட்டாவ. எல்லாரும் போட்டாங்க. நல்ல காரியந்தான? நல்ல காரியம்.

அவுகளும் கேக்கட்டுமேன்னு ஒரு நாள் காலையில ஆட்டோவ ஆஸ்பத்திரி ரோட்டுக்கு வரச் சொன்னேன். அவுகளுக்குத் தெரியாம, ஒரு சந்தோசமா இருக்கட்டும்னு. நான் முன்னாலயே வார்டுக்கு ஓடிப் போயி அவுக பெட்டு பக்கத்துல நின்னுக்கிட்டேன். எப்சிபாவுக்கு அன்னைக்கு அங்க டியூட்டி. எதுத்த பெட்டுல கட்டு மாத்திக்கிட்டு இருந்தா.

சத்தம் கேட்டுச்சு. "மீனேய்ய்." சன்னலுக்குக் கீழ.

பக்கத்துப் பெட்டு அம்மா, "ஏ, நம்ம மிக்கேலம்மால்லா"ன்னுட்டு இங்க திரும்பிப் பாக்காவ. மிக்கேலம்மா எந்திரிச்சு உக்காந்துட்டாவ. கை கழுத்துக்குப் போவுது. அந்த ஓட்டைக்கு மேல ஈரத் துணி போட்டிருக்குமில்ல, அதத் தடவுது, தடவிக்கிட்டே இருக்கு. சத்தம் அங்கருந்து வருதான்னு தேடுற மாதிரி. பொறவு என் கையப் பிடிச்சாவ. பிடின்னா பிடி, மீன் சட்டி தூக்குன கை. வாய் அசையுது. ஒரு சொல்லுன்னு இல்ல, நெறைய. காத்து ஓட்டை வழியா உஸ்ஸு உஸ்ஸுன்னு போவுது, வாய்க்கு வரல. கண்ணுல தண்ணி ஊத்துது.

நான் குனிஞ்சு, "நல்லாருக்காக்கா? நல்லாருக்குல்ல?"ன்னு கேட்டேன். அவுக இன்னும் என்னமோ சொன்னாவ. நான் தலைய ஆட்டுனேன். சந்தோசத்துல மனுசங்களுக்கு அப்படித்தான் வரும். எனக்கும் கண்ணு கலங்கிட்டு.

எப்சிபா கையில இடுக்கியோட அங்கருந்து, "ஸ்டார்லின், நில்லுட்டி. அவுக என்ன சொல்லுதாவன்னு முழுசாக் கேளு"ன்னா.

"கீழ ஆட்டோ நிக்கிட்டி. நல்லாருக்குன்னு சொல்லுதாவ"ன்னுட்டு நான் கைய விடுவிச்சுக்கிட்டு இறங்கிட்டேன்.

அன்னைக்கே எப்சிபா சண்டைக்கு வந்துட்டா. நிப்பாட்டுட்டி, அத நிப்பாட்டு, கேட்டுட்டுப் போடுதேன்னு சொன்னியா இல்லையாங்கா. மத்தியானம் பிரின்சிபல் மேடத்துக்கிட்டயும் போயிச் சொல்லிட்டா. மேடம் என்னையக் கூப்பிட்டு, பேசண்டு சம்மதம் உண்டான்னு கேட்டாங்க. உண்டு மேடம், அவுகதான் பேசிக் குடுத்தாவன்னு சொன்னேன். பொய்யா? பொய் இல்லல்ல. ரெண்டு நாள் கழிச்சு மிக்கேலம்மா பெட்ட மாத்திக் கேட்டாவளாம். சன்னலோரம் வேண்டாம், உள்ள தள்ளிப் போடுங்கன்னு கையக் காட்டிக் காட்டி அழுதாவளாம். எப்சிபா அத எங்கிட்ட வந்து பெருசாச் சொல்லுதா. வெளிக் காத்து புண்ணுல அடிச்சிருக்கும். அந்த ஓட்டைக்குத் தூசி ஆகாது. அதுக்குத்தான் கேட்டிருப்பாவ.

சனிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் பின்னால உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தோம். மறுநாள் பிரியாணிக்கு. பாதி மூட்டை இருக்கும். எல்லார் கண்ணுலயும் தண்ணி. எப்சிபா டியூட்டி முடிஞ்சு உடுப்பு மாத்தாம அப்படியே வந்து எம்முன்னால நின்னா. உடுப்புல ரத்தம் இருந்துச்சு. சர்ஜரி வார்டுன்னா இருக்கத்தான செய்யும். "ஸ்டார்லின், ஒரு விசயம் சொல்லணும்"னா. அழுதுக்கிட்டு இருந்தா. எல்லாருந்தான் அழுதுக்கிட்டு இருக்கோம். திரும்பவும் நிப்பாட்டுன்னு சொல்ல வந்திருக்கான்னு நெனச்சேன். "உக்காந்து உரி, பொறவு பேசலாம்"னு ஒரு கத்தியத் தூக்கிக் குடுத்தேன். அவ அந்தக் கத்தியப் பாத்தா, என்னையப் பாத்தா, கீழ வச்சுட்டுப் போயிட்டா. அவ வாயத் தொறந்து சொல்லிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்லா? சொல்லலையே. அது அவ தப்பு.

ஞாயித்துக்கிழமை காலையில கடைசி ரவுண்டு. எல்லாத் தெருவும் போயாச்சு, மிக்கேலம்மா ஊர விட்டுட்டோமேன்னு நான்தான் திரேஸ்புரத்துக்கு விடச் சொன்னேன். கோயில்ல பூசை முடிஞ்சு சனங்க வர்ற நேரம். ஒரு தெருவுக்குள்ள திரும்புனா பந்தல் போட்டிருக்கு, சிவப்பு நாற்காலி, நல்ல கூட்டம். ஏதோ விசேச வீடுன்னு நெனச்சேன். "அண்ணே, இங்க நல்லாக் கூட்டி வைங்க"ன்னேன். அவரு சத்தத்தக் கூட்டுனாரு.

"மீனேய்ய்... ஏ தாயிமாரே, மிக்கேலம்மா பேசுதேன்..."

பந்தலுக்குள்ளருந்து ஒரு ஓலம் எழும்புச்சு பாரு. நான் இத்தன வருசம் ஐசியுல இருக்கேன், எத்தனையோ கேட்டாச்சு. அந்த மாதிரி கேக்கல. முந்துன நாள் சாயங்காலம் மிக்கேலம்மாவுக்குக் கழுத்து ரத்தக்குழாய் வெடிச்சிட்டாம். சிலருக்கு அப்படி ஆகும். எப்சிபா ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்கா. ரத்தம் நிக்கல.

ஆம்பளைங்க நாலஞ்சு பேரு எந்திரிச்சு ஓடி வாராங்க. ஒருத்தன் கையில கட்டை. கொம்பையா அண்ணனுக்கு அவசரத்துல சுவிச்சே அகப்படல. சத்தம் பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கு. இன்னைக்கு மீன் கொண்டாரல, இன்னைக்கு மீன் கொண்டாரலங்கு. அப்பத்தான் அவ வந்தா. மிக்கேலம்மா மக. அமலோற்பவம், அமலின்னு கூப்பிடுவாங்க. இறால் கம்பெனியில வேல பாத்தவ, எங்க வயசுதான் இருக்கும். தலை விரிஞ்சு கெடக்கு. வந்து ஆட்டோ முன்னால நின்னு ரெண்டு கையையும் விரிச்சா. எங்களைப் பாத்து இல்ல, ஓடி வந்த ஆம்பளைங்களப் பாத்து. அவங்க நின்னுட்டாங்க.

அவ தலையச் சாச்சு முழுசாக் கேட்டா. ஒரு தடவை முடிஞ்சு மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கிற வரைக்கும் அசையல. பொறவு ஏறி எம்பக்கத்துல உக்காந்தா. உண்டியல் எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல.

"அண்ணே, நிப்பாட்டாதீய"ன்னா. "எங்கம்மா போற தெருவுக்கெல்லாம் போங்க. அவளே போயிச் சொல்லட்டும்."

கொம்பையா அண்ணன் என்னையத் திரும்பிப் பாத்தாரு. நான் என்ன சொல்ல முடியும்? போனோம். போல்பேட்டை, டூவிபுரம், மில்லர்புரம். அவ வழி சொல்லுதா. இங்க திரும்புங்க, இந்த வீட்டுல ஒரு அம்மாவுக்குக் காது மந்தம், கொஞ்சம் நில்லுங்க. சின்னப் பிள்ளையில அம்மா கூடயே நடந்திருப்பா போல. கதவு தொறக்கு, சட்டியோட வராங்க. சில பேரு திருவிழாவுக்குப் போவ நல்ல சேலை கட்டி நிக்காங்க. இவ ஆட்டோவுல இருந்துக்கிட்டே சொல்லுதா. கத்தல, அழல. "எங்கம்மா போயிட்டா. சாயங்காலம் அடக்கம்." மேல ஸ்பீக்கர் கொழாயில மிக்கேலம்மா "வாங்க தாயி, வாங்க"ங்காவ. கீழ மக "போயிட்டா"ங்கா. ஒரு பெரியம்மா சட்டியக் கீழ போட்டுட்டு ஆட்டோக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு கொழாயையே பாத்துக்கிட்டு நின்னாவ. "இப்பப் பேசுதாளே, இப்பப் பேசுதாளே"ங்காவ. இன்னொருத்தர் என்ன செய்யன்னு தெரியாம உண்டியல்ல காச போட்டாரு. நான் நன்றின்னு சொன்னேன். வேற என்ன சொல்லணும்?

நடுவுல ஒரு எடத்துல அமலி என் பக்கம் திரும்பி, "நீங்களா சிஸ்டர் இதப் பிடிச்சது?"ன்னு கேட்டா.

"ஆமா."

"சத்தம் நல்லாப் பிடிச்சிருக்கீய"ன்னா.

அவ்வளவுதான். கோவமாச் சொன்னாளா, எப்படிச் சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல.

திருவிழா என்னாச்சுன்னு கேக்கியா? மத்தியானம் நான் காலேஜுக்கு வந்து சேந்தா மைதானம் ஈ ஆடுது. வரவேண்டிய பொம்பளையாளுங்க பூராவும் திரேஸ்புரத்துக்குப் போயிட்டாங்க. மூணு வாரம் நாயா அலைஞ்சது, அண்டா அண்டாவாச் சமைச்சது, எல்லாம் அப்படியே கெடக்கு. மேடம் மூஞ்சி செத்துப் போயிட்டு. எப்சிபாதான் முன்னால வந்து, "மேடம், அங்க அத்தன சனம் பச்சத் தண்ணி இல்லாம நிக்கி. கொண்டு போயிருவோம்"னா. மேடம் பஸ் சாவிய எடுத்துக் குடுத்தாங்க. பிள்ளைய எல்லாம் அண்டாவத் தூக்கி காலேஜ் பஸ்ல ஏத்துனாளுவ. அடக்கம் முடிஞ்சு வந்த சனத்துக்கு அங்கேயே தெருவுல வரிசையா உக்கார வச்சுப் பரிமாறுனாளுவளாம். நான் போகல. கடைக்கு யாராவது இருக்கணும்லா? யாராவது வந்து கேட்டா? நான் மட்டும் அந்த மைதானத்துல மேசைக்குப் பின்னால இருட்டுற வரைக்கும் உக்காந்திருந்தேன். ஒரு நாய் வந்துச்சு.

வேன் பொறவு வந்துச்சு. அந்தத் தெருப் பொம்பளையாளுங்களே ஒரு வருசம் போல சேத்துக் குடுத்து வாங்குனாங்கன்னு கேள்வி. இப்பவும் ஓடுதாம். எப்சிபா படிப்பு முடிச்சுட்டு அந்தக் கைத்தாங்கல் வீட்டுலயே வேலைக்குச் சேந்துட்டா. எங்கூடப் பேச்சு வார்த்தை கிடையாது. என் கல்யாணத்துக்குப் பத்திரிக்கை அனுப்புனேன், வரல. நான் என்ன பண்ணுனேன் அவளுக்கு?

இரு, எட்டயபுரம் வந்துட்டா? இன்னும் இல்லையா. சரி, இதையும் கேட்டுரு.

அடக்கம் ஆகி ஒரு வாரம் இருக்கும். அமலி காலேஜுக்கு வந்தா. நாங்க கொண்டு போன அண்டா, கரண்டியெல்லாம் பளபளன்னு கழுவி ஒரு வண்டியில வச்சுக் கொண்டு வந்திருந்தா. என்னையக் கூப்பிடச் சொன்னாளாம். வராந்தாவுல நிக்கா. கருப்புச் சேலை. பதிஞ்சத வாங்க வந்திருக்கான்னு நெனச்சேன். அத கொம்பையா அண்ணனே அவகிட்டக் குடுத்துட்டாராம்.

"சிஸ்டர், ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்"னா. "ஆஸ்பத்திரிக்குக் கீழ ஆட்டோ வந்த அன்னைக்கு எங்கம்மா உங்க கையப் பிடிச்சு ரொம்ப நேரம் என்னமோ சொன்னாளாம். பக்கத்துப் பெட்டு அம்மா சொன்னா. அதுக்குப் பொறவு அவ யார்ட்டயும் வாயசைக்கல. நான் போனா மூஞ்சியத் திருப்பிக்குவா. உங்ககிட்ட என்ன சொன்னா?"

நான் சொன்னேன், "நல்லாருக்குன்னு சொன்னாவ"ன்னு.

"எங்கம்மா நல்லாருக்குன்னு சொன்னாளா?"

"ஆமா. சந்தோசமாச் சொன்னாவ."

அவ என் வாயவே பாத்துக்கிட்டு நின்னா. பொறவு சரின்னு சொல்லிட்டு வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயிட்டா. அழக்கூட இல்ல.

இப்ப நான் இருக்குற ஐசியுல தொண்டையில குழாய் போட்ட ஆளுங்கதான் பாதி. எல்லாரும் வாயசைப்பாங்க, சத்தம் வராது. டாக்டருக்கே புரியாதுன்னா, ஸ்டார்லினக் கூப்பிடுன்னுதான் சொல்லுவாங்க. எனக்கு உதட்டப் பாத்தா தெரிஞ்சிரும். தண்ணியா, வலியா, மக வந்துட்டாளா, எல்லாம் தெரியும். யாரும் சொல்லிக் குடுக்கல, பாத்துப் பாத்து வந்ததுதான். டியூட்டி முடிஞ்சு வீட்டுக்குப் போனா கண்ணாடி முன்னால நின்னு நானும் வாயசைச்சுப் பாப்பேன். எங்க வீட்டுக்காரரு கூட கேப்பாரு, என்னட்டி, தனியாப் பேசுதன்னு. சும்மாதான்னு சொல்லுவேன்.

நீ ஒண்ணு பண்ணு. சத்தம் வேண்டாம், யாரும் பாக்க மாட்டாங்க. நல்லாருக்குன்னு வாய மட்டும் அசை. ம்... இன்னொரு தடவ. பாத்தியா? உதடு ஒட்டவே ஒட்டாது. நீ எப்படிச் சொன்னாலும் ஒட்டாது.

அவுகளுக்கு ஒட்டுச்சு, பிள்ள. நான் கிட்டத்துல நின்னு பாத்தேன். ஒட்டி ஒட்டிப் பிரிஞ்சுச்சு. மக பேரச் சொல்லிருக்கலாம். அமலின்னு சொன்னா ஒட்டும், சொல்லிப் பாரு. அதத்தான் சொல்லிருப்பாவ. பெத்தவ மகளத்தான நெனப்பா. அப்படித்தான் நான் வச்சிருக்கேன்.

ஆனா நிப்பாட்டுன்னு சொன்னாலும் ஒட்டுது.